சேரனின் யானை

ஆட்டத்தை அச்சுக்கு அனுப்ப இன்னும் மூன்று மணி நேரம்தான் இருந்தது.

அவள் சீட்டுகளை மூன்றாகப் பிரித்துப் போட்டாள்.

சோழன் அவளுக்கு. பாண்டியன் ஜெரால்டுக்கு. சேரன், எதிரே இருந்த காலி நாற்காலிக்கு.

ஜெரால்டு பார்த்தான்.

நடுவில் மலை. மூன்று அரசர்களும் சேர்ந்து முற்றுகையிட்டும் மசியாத மலை என்று பழைய கதை. அந்தக் கதையை வைத்துக் கல்லூரி கேன்டீனில் மூவர் ஆரம்பித்த ஆட்டம் இது. ஆளுக்கோர் அரசன். அவரவர் அரசனுக்கு அவரவரே சீட்டு எழுத வேண்டும். அடுத்தவர் கை வைக்கக் கூடாது. முதல் நாளே பேசிக்கொண்டது அது.

சேரனுக்குப் பன்னிரண்டு சீட்டு. மூன்றாமவன் மதிவாணன் எழுதி முடித்தது ஒன்றே ஒன்று.

யானை.

மற்றதெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் வெட்டிச் செருகிய வெற்றுத் தாள்.

இருவர் மட்டும் ஆடும்படி மாற்றிய விதிகள் ஜெரால்டின் கணினியில் தயாராக இருந்தன. அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்தால் மூன்றாவது நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும்.

ஆடினார்கள். சேரனின் முறை வந்தபோதெல்லாம் அவள் கை நீட்டி மேல் சீட்டைப் புரட்டினாள்.

வெள்ளை.

சோழன் கிழக்குச் சரிவில் ஏறினான். பாண்டியன் சுனையை வளைத்தான்.

வெள்ளை.

மதிவாணன் யானையை லேசில் இறக்க மாட்டான். எவ்வளவு சீண்டினாலும் "இரு, இரு" என்று சிரிப்பான். எல்லோரும் அதை மறந்துபோன நேரத்தில் மேசை அதிரப் போடுவான்.

வெள்ளை. வெள்ளை.

சேரனின் சீட்டுக்கட்டில் ஒன்றுதான் மிச்சம்.

புரட்டினாள்.

யானை.

இது மூன்றாவது ஆட்டம். மூன்றிலும் யானை கடைசியில்தான் வந்தது.

அவள் புள்ளியியல் படித்தவள். ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டில் ஒரு வாய்ப்பு. காரணம் ஏதாவது இருக்கும். அந்தத் தாள் மட்டும் தடிமனாக இருக்கலாம். கலைக்கும்போது அடிக்கு நழுவலாம். உறையைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அவள் பிரிக்கவில்லை.

"இந்தத் தடவ நீ கலைச்சுப் போடு."

ஜெரால்டு கலைத்தான். வெகுநேரம் கலைத்தான். பிறகு கட்டைத் தூக்கி அடிச் சீட்டைப் பார்த்தான்.

அவளிடம் காட்டவில்லை. நாற்காலிக்கு முன்னால் மெல்லக் கவிழ்த்து வைத்தான்.

போன் அடித்தது. சிவகாசி அச்சகத்து அண்ணாச்சி. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"என்ன பாப்பா, சோழன் வந்துட்டான், பாண்டியன் வந்துட்டான். சேரனுக்கு மட்டும் இன்னும் மாப்ள முறுக்கா?"

வந்துரும் அண்ணாச்சி. மூன்று மாதமாக அவள் சொல்லிவந்த பதில். இப்போதும் நாக்கு நுனிவரை வந்தது.

"தம்பிகிட்ட போனக் குடு. நாலு திட்டு திட்டுனா தன்னால எழுதிருவாரு."

ஜெரால்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கை நீட்டிச் சேரன் கட்டை எடுத்தாள். புரட்டவில்லை. அப்படியே பெட்டிக்குள் வைத்தாள்.

"பெட்டி மேல ரெண்டு பேர் ஆடலாம்னு போடுங்க அண்ணாச்சி."

"ரெண்டா? அப்ப சேரன்?"

நாற்காலி அதே இடத்தில் இருந்தது.

"மதி செத்துப்போயிட்டான் அண்ணாச்சி."