பெட்டியில் வந்த குத்துவிளக்கு

குத்துவிளக்கு இருக்க வேண்டிய பெட்டிக்குள் செங்கல் இருந்தது. முழுச் செங்கல், நன்றாக வெந்தது. நடுவில் மாங்காய் அச்சு வேறு, அழகுக்கு! வழியில் உடைந்துவிடக் கூடாதாம், பபிள் ஷீட்டெல்லாம் சுற்றிப் பதவிசாக அனுப்பியிருந்தான் பாவி.

முருகானந்தம் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். கூடம் நிறையச் சனம். மேச்சேரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. விளக்கேற்றி, உப்புச் சக்கரை மாற்றி, மகள் கனிஷ்காவின் கல்யாணத்தை உறுதி செய்ய வேண்டிய நேரத்தில், எடப்பாடியில் நாலு பேர் மதிக்கத் தறி ஓட்டுகிற மனுசன் கையில் செங்கல்லோடு நின்றார்.

"ஏனுங்க, அதுல எந்தப் பக்கமுங்க திரி போடறது?" என்று யாரோ ஒரு அம்மா கேட்க, கூடமே சிரித்தது.

மனைவி ரஞ்சிதா பல்லைக் கடித்தாள். "சேலம் கடைவீதில தட்டிப் பாத்து வாங்கலாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டனே, கேட்டீங்களா?"

கேட்டால்தானே! கடையில் மூவாயிரத்துக்குக் கிடைக்கிற விளக்கு. செல்போனில் அதற்கு எட்டாயிரம் என்று போட்டு, அதையும் அடித்துவிட்டு, 'உங்களுக்கு மட்டும் ஐயாயிரம்' என்று காட்டினான். அவன் யாரோ, இவர் யாரோ, இவருக்கு மட்டும் எதற்காம்? மூவாயிரம் மிச்சம் பிடித்துவிட்டதாக மார் தட்டினார் நம்ம ஆள். ரெண்டாயிரம் தண்டம் என்று சொன்ன பெண்டாட்டிக்கு, "உனக்கு யாவாரம் தெரியாது, உள்ள போ" என்று பதில் வேறு.

எல்லாம் மாப்பிள்ளை சித்தார்த்தின் மேல் இருந்த மயக்கம். அவனுக்கும் ஆன்லைனில்தான் வியாபாரம். பெரிய கம்பெனிக்காரனின் ஆப்பில் ஆயிரம் பேர் கடை விரித்திருக்கிறார்களே, அதில் அவனும் ஒருத்தன். மிக்சி, செருப்பு, சாமி படம், அண்டா, குண்டா, இல்லாத சாமானே கிடையாது. அப்பாவின் தோட்டத்தில் ஒரு ஷெட். கட்டி அனுப்ப ஆட்கள். இவன் லேப்டாப்பைத் தட்டுவதோடு சரி.

"காலமெல்லாம் மண்ணு மிதிச்ச மனுசனோட பையன், கையில மண்ணு ஒட்டாமச் சம்பாதிக்கறான்!" என்று முருகானந்தம் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். "நல்லா விசாரிங்கப்பா" என்று கனிஷ்கா சொன்னபோது, "பொட்டி பொட்டியாப் போவுது சாமி, இதுக்கு மேல என்ன விசாரணை?" என்று வாயை அடைத்துவிட்டார்.

அப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை முன்னால் கடைவீதி விளக்கை வைத்தால் மரியாதை ஆகுமா? அதனால்தான் பெட்டி வந்ததும் பிரிக்காமல் வைத்திருந்து, அவன் பார்த்து மெச்சட்டும் என்று சபையில் பிரித்தார். இப்போது சபையே மெச்சிக்கொண்டிருந்தது.

"எவனுங்க மாமா வித்தவன்?" என்றான் சித்தார்த்.

"ராயல் டெல்லி ஹோம்னு போட்டிருக்குதுங்க மாப்ள. நேத்துக் காலையில ஆர்டர் போட்டது, இன்னிக்கி விடிஞ்சதும் வந்திருச்சு. டெல்லியில இருந்து ஒரே நாளு! அந்த வேகத்துக்கே நான் அசந்துட்டேன்."

சித்தார்த்தின் முகம் செத்துப்போனது. மாமனாருக்கு ஒரு அவமானம் என்றால் அவனுக்கு வலிக்காதா! முருகானந்தத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இப்பிடி நாலு பேராலதான் மாமா எங்களுக்கெல்லாம் கெட்ட பேரு. நான் பேசிப் பணத்தத் திருப்பி வாங்கித் தாரனுங்க. மொதல்ல அந்தக் கல்லத் தூக்கி வெளிய வீசுங்க."

"பாத்தியா ரஞ்சிதா, இதான் மாப்ள!" முருகானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தத் திருட்டு நாயி மட்டும் கையில சிக்கட்டும், இதே கல்லால அவன் மண்டையப் பொளக்கறேன். புடவைக்குப் பதிலாக் கந்தலு, வெளக்குக்குப் பதிலாச் செங்கல்லு. இவனையெல்லாம் பெத்தவன் சோறு போட்டா வளத்தான்?"

சித்தார்த் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

முருகானந்தம் கல்லைக் காலி நாற்காலி ஒன்றில் வைக்க, கனிஷ்கா பூஜை அறையிலிருந்து பழைய விளக்கை எடுத்து வந்து ஏற்றி வைத்தாள். உப்பும் சர்க்கரையும் தட்டில் தயார். மாப்பிள்ளையின் அப்பா தீர்த்தகிரி மட்டும் அதுவரை வரவில்லை. லோடு ஏற்றி அனுப்பிவிட்டு வருகிறேன் என்று சொன்னவர், அப்போதுதான் டி.வி.எஸ். வண்டியை நிறுத்திவிட்டு வேர்வையோடு உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்கோணுமுங்க சம்பந்தி, லாரிக்காரன் லேட்டுப் பண்ணிட்டான்." உட்காரப் போனவர், நாற்காலியில் இருந்த கல்லைப் பார்த்துவிட்டுக் கையில் எடுத்தார்.

"அப்பா, அதக் கீழ வைங்க. நேரமாச்சு" என்று சித்தார்த் பதறினான்.

தீர்த்தகிரி காதில் வாங்கவில்லை. விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். திருப்பி, மாங்காய் அச்சைக் கட்டைவிரலால் தடவினார். பெற்ற பிள்ளையைப் பார்த்த மாதிரி முகம் மலர்ந்துபோனது.

"அட, இது நம்ம சூளைக் கல்லுங்க சம்பந்தி!"