மாமனாரின் தலையணை

குளிர்பெட்டிக்காரர் கண்ணாடி மூடியைத் தூக்கியதுதான் தாமதம், மூத்த மாப்பிள்ளை "மாமா!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து செத்துப்போன மாமனார்மேல் விழுந்தார்.

கூடமே திரும்பிப் பார்த்தது. நேற்று மத்தியானம் வந்து இறங்கியதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன் அவர். மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறார், பாவம், அழட்டும் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள்.

மாப்பிள்ளை அழுதுகொண்டே வலது கையை மாமனாரின் தலையணைக்கு அடியில் விட்டார்.

அங்கேதான் மாப்பிள்ளையுடைய ஊசி இருந்தது.

சர்க்கரைக்கும் ஆச்சு, உடம்பு இளைக்கவும் ஆச்சு என்று வாரம் ஒருமுறை வயிற்றில் போட்டுக்கொள்கிற, பேனா மாதிரியான ஊசி. வெயில் பட்டாலும் கெட்டுப்போகும், உறைந்தாலும் கெட்டுப்போகும். புதுப்பெண்ணைவிட ரோஷம் அதற்கு. அப்படி ஒன்று இருப்பதே அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது. ஆபீஸ் ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

ஊரைப் பொறுத்தவரை அவர் நடந்தே இளைத்தவர். நடையாவது மண்ணாங்கட்டியாவது! காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போவார், அங்கே உட்கார்ந்து போனைப் பார்ப்பார், முகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு திரும்பி வருவார்.

அதில் ரொம்ப மகிழ்ந்துபோனவர் மாமனார். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையை வாய் நிறைய "தொப்பை" என்று கூப்பிட்டவர், இப்போது போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி மாப்பிள்ளையின் போட்டோவைக் காட்டினார். நடந்தே கரைத்த உடம்பு, மன உறுதின்னா இதுதான் என்று மார்தட்டிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்து போனது. ஊசி விஷயம் வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும் என்று அப்போதிலிருந்துதான் பயம் பிடித்துக்கொண்டது.

சாவுச் செய்தி வந்தபோது அவர் ஆபீசில் இருந்தார். ஊசி போட வேண்டிய நாள் நெருங்கியிருந்ததால், அதை ஒரு ஐஸ் பையில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பாதி வழியிலேயே ஐஸ் தண்ணீராகிவிட்டது. இறங்கினதும் இறங்காததுமாக மாமனார் வீட்டுச் சமையலறைக்கு ஓடினார். ஃபிரிட்ஜ் ஆஃப். அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிணத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்த குளிர்பெட்டியின் பிளக்கை அங்கே செருகியிருந்தார்கள்.

தகரக் கூரை வீடு. வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வீட்டிலேயே ஜில்லென்று இருந்த ஒரே ஆள் மாமனார்தான்.

மாப்பிள்ளை பெட்டிக்காரரை ஓரமாகக் கூட்டிப்போய், உள்ளே எத்தனை டிகிரி, ஐஸாக உறைந்துவிடாதே என்று துருவித் துருவிக் கேட்டார்.

"பழம் வச்சா பழமாவே இருக்கும் சார். மாமனாரை இப்படித் தாங்குற மாப்பிள்ளையை நான் பாத்ததே இல்ல" என்று பெட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் என்ன, மூடியைத் திறக்கச் சொல்லி, தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் ஊசியை அடியில் செருகிவிட்டார்.

இப்போது அதை எடுத்தாக வேண்டும். விட்டால் மாமனாரைத் தூக்கும்போது ஊசி உருண்டு, அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவில் வந்து விழும்.

விரல்கள் துழாவின. ஒரு பேனா தட்டுப்பட்டது. அப்பாடா என்றிருந்தது.

பக்கத்திலேயே இன்னொரு பேனா தட்டுப்பட்டது. அதற்கும் அந்தப் பக்கம் இன்னொன்று.

மாப்பிள்ளைக்கு அழுகை நின்று விக்கல் வந்துவிட்டது.

பின்னாலிருந்து மாமனாரின் பெரிய பிள்ளை வேறு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "போதும் மாப்ள, தள்ளுங்க, நானும் எங்கப்பா மேல விழணும்ல!"

ராத்திரி முழுக்க பெட்டியைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்த மாமியார், தேற்றுகிறவர்போலக் குனிந்து மாப்பிள்ளையின் முதுகைத் தடவினார். காதோரம் மெதுவாகச் சொன்னார்.

"நடுவுல இருக்கறது உங்களுது மாப்ள. இந்தப் பக்கம் பெரியவனுது. ஓரத்துல இருக்கறது என்னுது, கையோட அதையும் எடுத்துடுங்க."

மாப்பிள்ளை மூன்றையும் வாரிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். வெட்கத்தில் மாமனாரின் நெஞ்சிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மாமியார் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"மாமாவுக்குத் தெரியும். உங்க ஊர் மருந்துக்கடையில நீங்க இதை வாங்கறதைப் பாத்துட்டு வந்துதான் என்னையே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. யாருக்காவது தெரிஞ்சா மாப்பிள்ளை முகம் வாடிடும்னுதான் பாக்கறவங்ககிட்டல்லாம் நடை, நடைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சாரு."

ஊசிகள் பத்திரமாகச் சட்டைக்குள் இருந்தன. இனிமேல் அழ வேண்டிய அவசியமே இல்லை.

அவ்வளவு இளைத்த பிறகும், மாப்பிள்ளையை மாமனார்மேலிருந்து பிரித்தெடுக்க நாலு ஆள் வேண்டியிருந்தது.