புதிய சவுண்ட் கார்டு

கம்ப்யூட்டரில் ஒலி கரகரத்ததால், நாகர்கோவிலில் தனியாக வசிக்கும் ஞானசிகாமணி மெக்கானிக் மும்தாஜை வரவழைத்தார். அவள் ஒரு புதிய சவுண்ட் கார்டைப் பொருத்திக் காட்டினாள்.

"பேசுறது மனுஷங்கன்னா பச்சை விளக்கு எரியும் சார். மெஷின்னா சிவப்பு."

அந்நேரம் கனடாவிலிருக்கும் மகள் பெனிட்டாவின் அழைப்பு கம்ப்யூட்டரில் வந்தது. மூன்று வருடமாக ஒரு நாள்கூடத் தவறாத அழைப்பு.

"அப்பா, சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டாச்சா?"

குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் அத்தனை தெளிவாக இருந்தது. எரிந்தது சிவப்பு விளக்கு. மும்தாஜ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போட்டுட்டேம்மா. நீ உன் வேலையைப் பாரு," என்று பேசி முடித்தவர், அந்தச் சிவப்பு விளக்கை ஒருமுறை பார்த்தார்.

"சார், இதையே வச்சிடட்டுமா?"

"வேண்டாம்மா, பழசையே மாட்டிடு," என்றார். "இந்தக் குரலாவது தினமும் கூப்பிடுது."