மேனேஜரின் டம்ளர்

“முதல்ல தண்ணி குடிங்க. படபடப்பா இருக்கிறவங்ககிட்ட நான் கேள்வி கேக்கிறதில்ல” என்று தன் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார் மேனேஜர்.

அவள் குடித்தாள்.

“இதுக்கு முன்னாடி எங்க வேலை?”

“ஒரே இடம்தான் சார். முப்பத்தாறு வருஷம்.”

“அடேயப்பா! முதலாளி எப்படி?”

“மூக்குக்கு மேல கோபம் வரும். மத்தபடி தங்கமான மனுஷன்.”

“அப்புறம் ஏன் விட்டீங்க?”

“நான் எங்க விட்டேன்? அவருதான் என்னை மறந்துட்டார்.”

“நன்றி கெட்டவன்!” மேனேஜர் மேசையை ஓங்கித் தட்டினார். “நீங்க நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க!”

உள்ளே வந்த மகள் மெல்லக் கேட்டாள். “ஏம்மா, அப்பாவுக்கு இன்னைக்காவது உன்னை அடையாளம் தெரிஞ்சுதா?”

“இல்லடி.” காலி டம்ளரை நிரப்பி அவர் முன் வைத்தாள் அம்மா. “ஆனா எனக்கு அவரை அடையாளம் தெரிஞ்சுது. என்னை வேலைக்கு எடுத்த அன்னைக்கும், தன் தண்ணியைத்தான் எனக்கு நகர்த்திக் கொடுத்தார்.”