ஏழாவது கட்டில்

"கதாநாயகி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க அண்ணே. இன்னொரு கட்டில் போடச் சொல்லட்டுமா?"

விருந்தாளி வந்திருக்கிறார், இன்னொரு நாற்காலி போடட்டுமா என்பதுபோல அவ்வளவு சகஜமாகக் கேட்டார் இயக்குநர்.

அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி செட்டில் மூன்றாவது கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, அதில் படுத்திருந்த ஆளின் தலைக்கட்டில் பிரிந்து தொங்கிய துணியை விரலால் மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். காதில் பென்சில். மடியில் எழுதாத தாள்கள்.

"எங்க போடுவீங்க தம்பி? இப்பவே ஆறு கட்டில். ஏழாவதைப் போட்டா கேமரா தெருவுலதான் நிக்கணும். சரி, அந்தம்மா எதுக்குப் போனாங்க?"

"மேக்கப் ரூம்ல ஃபேன் மாமியார் பக்கமே திரும்புதாம்."

இந்தத் தொடரில் யாரும் பெரிய காரணத்துக்காகப் போனதில்லை. கதாநாயகன் வேறொரு தொடரில் கைதியாக நடிக்கத் தலையை மழித்துக்கொண்டு போனார். மாமனாராக நடித்தவர், தன் நாற்காலியில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள் என்று போனார். போன ஒவ்வொருவரையும் கதையில் ஒரு லாரி மோதியது. தலையிலிருந்து கழுத்துவரை கட்டு, அப்புறம் கோமா. கட்டுக்குள் இருப்பது யார் என்று யாருக்குத் தெரியப் போகிறது? கதாநாயகனாக வேன் டிரைவர் படுத்திருந்தார், மாமனாராக லைட்மேன். 'எல்லாருடைய நடிப்பும் முன்பைவிட மெருகேறியிருக்கிறது' என்று சேனலுக்குப் பாராட்டுகூட வந்தது.

"ஒரேயடியா சாகடிச்சிருக்கலாமேண்ணே? இடமாவது மிஞ்சியிருக்கும்."

"வெட்டறது சுலபம். வெட்டினா வெட்டினதுதான், ஒட்டாது. உள்பக்கமா கொஞ்சம் மடிச்சு வெச்சோம்னா, நாளைக்கு வேணும்னா பிரிச்சு விட்டுக்கலாம். கதைக்கும் அதேதான்னு இந்தத் தொடர்லதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"ஆஹா!" என்றார் இயக்குநர்.

"இன்னொண்ணு. எந்தப் பாத்திரத்தையும் ஒரே ஆளுக்குன்னு இறுக்கமா பிடிச்சிடக் கூடாது. நாளைக்கு வேற உடம்பு உள்ள நுழையணும்ல?"

"தத்துவமெல்லாம் அப்புறம் பேசலாம்ணே. ரெண்டு மணிக்குள்ள காட்சி வேணும். இல்லேன்னா சேனல்காரன் இன்னியோட இழுத்து மூடிடுவான். எனக்குப் பாத்திருக்கற பொண்ணு வீட்டுல, தொடர் ஓடற வரைக்கும்தான் நான் மாப்பிள்ளை."

"எழுதறேன். ஆனா நாளையிலேர்ந்து டைட்டில்ல 'கதை, வசனம்'னு என் பேரு வரணும்."

இயக்குநரின் முகத்தில் அந்த லாரி மோதியது.

"டைட்டில்ல கை வைக்க வேணாம்ணே. சென்டிமென்ட்."

"என் பொண்ணு கிளாஸ்ல, 'எங்கப்பாதான் இதை எழுதறாரு'ன்னு சொல்லியிருக்கா. 'போடி, ரீல் விடாத'ன்னு மொத்தக் கிளாசும் சிரிச்சிருக்கு. நேத்து என்கிட்டயே வந்து, 'நிஜமா நீதானாப்பா?'ன்னு கேக்கறா. பெத்த பொண்ணு கேக்கறா தம்பி."

"முதல்ல காட்சியைச் சொல்லுங்க. பேரைப் பத்தி அப்புறம் பார்ப்போம்."

அவர் எழுந்து கட்டில்களுக்கு நடுவே நின்றார். பனி பெய்து ஓய்ந்த ஊர்போல எங்கும் வெள்ளை. அந்த ஊரின் நான்காவது வீட்டிலிருந்து மட்டும் குறட்டை வந்தது.

"ஏழாவது கட்டில்ல மருமகள். நடமாடற ஆள்னு மிச்சம் இருக்கறது மாமியார் மட்டும். உள்ள வராங்க. எதிர்த்துப் பேச ஒரு ஈ காக்கா இல்ல. பரம சந்தோஷம். புருஷன், மகன்னு வரிசையா நின்னு திட்டறாங்க. கடைசியா மருமகள்கிட்ட வராங்க. 'நீ போடற காபி கழனித்தண்ணி'ங்கறாங்க. பதில் இல்ல. இன்னும் சத்தமா சொல்றாங்க. ம்ஹூம். அப்படியே கொஞ்ச நேரம் நிக்கறாங்க. அப்புறம் போர்வையை இழுத்துப் போத்திவிட்டு, காதுகிட்ட குனிஞ்சு, 'ஒரே ஒரு வார்த்தை என்னைத் திட்டுடி'ன்னு கெஞ்சறாங்க."

இரண்டாவது கட்டிலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"டேய் லைட்மேன்! மாமனார் கோமால இருக்காரு. அழாம படுடா!" என்று அதட்டிய இயக்குநரும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழுகையெல்லாம் இருக்கட்டும் தம்பி. என் பேரு?"

இயக்குநர் அவரைப் பார்த்தார், ஏழாவது கட்டிலுக்காகக் கேமரா காலி செய்ய வேண்டிய மூலையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து எடிட்டரைக் கூப்பிட்டார்.

"டேய், நாளையிலேர்ந்து 'கதை, வசனம்'னு அண்ணன் பேரு வரணும். புதுசா எதுவும் அடிக்க வேணாம்டா, அதான் முதல் நாள்லேர்ந்து கடைசில 'தையல்'னு போட்டு அவர் பேரு வருதே, அதையும் 'கதை, வசனம்'ல இருக்கற பேரையும் இடம் மாத்திடு. சண்டை போட்டுட்டு ஓடின எழுத்தாளர் கொஞ்ச நாள் தைக்கட்டும்!"