ஒன்றே முக்கால்

குப்புறப் படுத்திருக்கிறேன். காதுக்கும் தலையணைக்கும் நடுவில் எங்கள் பழைய பட்டன் போன்; லைனில் ஆஸ்பத்திரி நர்ஸ்.

என் வீட்டுக்காரர் முதுகுப் பக்கம் உட்கார்ந்து பஞ்சைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

"கொஞ்சம் எரியும். பல்லைக் கடிச்சுக்கம்மா."

தினமும் இதைச் சொல்கிறார். தினமும் எரிகிறது. அந்தக் 'கொஞ்சம்'தான் பொய்.

ஆபரேஷன் முடிந்து நான்கு மாதமாகிறது. முதுகெலும்பில் வைத்த திருகாணியெல்லாம் அருமையாகப் பிடித்துவிட்டதாம். டாக்டர் படம் காட்டிப் பெருமைப்பட்டார். மேலே இருக்கிற தோல்தான் ஒட்ட மாட்டேன் என்கிறது. தையல் பிரிந்து வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது.

இருபத்தாறு வருடம் தையல் மெஷின் மிதித்தவள் நான். என் தையல் ஒன்றுகூட இப்படிப் பிரிந்து வந்ததில்லை. இதைச் சொன்னபோது டாக்டர் சிரிக்கவில்லை.

எனக்குப் பதினாறு வருடமாக மூட்டு வியாதி. அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தன சிறுநீரகக் கோளாறு, கண் வறட்சி, இரத்தக் குறைவு. ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. மூட்டைக் காப்பாற்றி வந்த மருந்து புண்ணை ஆறவிடாது என்று ஆபரேஷனுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

புண் இரண்டு சென்டிமீட்டருக்குள் சுருங்கினால்தான் மறுபடியும் தருவார்களாம். அவசரப்பட்டுக் கொடுத்தால் சீழ் பிடித்து உயிருக்கே உலை வைத்துவிடுமாம்.

மருந்து நின்றதும் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. இப்போது பத்தும் மடங்கிவிட்டன. டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித்தான் தூக்குகிறேன். என் சட்டைக்குப் பித்தான் போட்டுவிடுவது அவர்தான். தினமும் ஒரு துளை தள்ளிப் போடுகிறார். பெரிய கட்டிங் மாஸ்டர்!

வாராவாரம் படுத்தபடியே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த வாடகைக்கே, துணி ஓரம் அடிக்கிற என் ஓவர்லாக் மெஷின் விலை போனது. ஒரு தடவை போய் வந்தால் இரண்டு நாளைக்கு எனக்கு உயிர் இருக்காது. கடைசியில் அவர் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலேயே அளந்து போனில் சொன்னால் போதும் என்று சம்மதம் வாங்கினார்.

கடைசியாகப் போன அன்று நர்ஸ் அளந்தபோது ஐந்து சென்டிமீட்டர் இருந்தது. அப்போது அவர் மருந்துக் கவுன்ட்டர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மூன்று வாரம் கழித்து அளந்து சொல்லச் சொல்லி நர்ஸ் ஒரு காகித அளவுகோலைக் கொடுத்தனுப்பினாள். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும்.

அதை மூன்று நாளாகக் காணோம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார். என்னிடமும் நாலு தடவை கேட்டார். படுத்தே கிடப்பவளுக்கு என்ன தெரியும்?

இன்று வேறு வழியில்லாமல் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து ஸ்பிரிட்டால் துடைத்தார். இதோ, முதுகில் வைக்கிறார். டேப் சில்லென்று இருக்கிறது. அவர் மூச்சையே விடவில்லை. கண் சொல்வதை அவர் நம்புகிற ஆளில்லை. டேப் சொன்னால்தான் நம்புவார்.

"ஒண்ணே முக்கா."

"ஒண்ணே முக்கால் சிஸ்டர்" என்றேன் போனில்.

அந்தப் பக்கம் எழுதுகிற சத்தம். பிறகு நர்ஸ் கேட்டாள்: "சென்டிமீட்டர்தானேம்மா?"

அவள் குரல் என் காதோடு சரி. அவருக்குக் கேட்காது.

"ஆமா சிஸ்டர்."

அவளுக்கு ஒரே சந்தோஷம். டாக்டரிடம் சொல்லி எழுதி வாங்கி வைப்பதாகவும் உடனே ஆளை அனுப்பும்படியும் சொன்னாள்.

"என்னவாம்?" என்றார் அவர்.

"மருந்து தராங்களாம்."

என் குதிகாலில் ஏதோ சூடாகப் பட்டது. நெற்றியை அங்கே வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். நான்கு மாதத்தில் ஒரு சொட்டுக்கூட விடாத மனுஷன். அப்புறம் வாயெல்லாம் பல்லாகக் கட்டுப் போட்டு முடித்து, செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினார். கதவைக்கூடச் சாத்தவில்லை.

நாற்பது வருடமாகத் துணி வெட்டுகிறவர். சட்டையானாலும் சரி, பெண்டாட்டி முதுகானாலும் சரி, அவருக்கு அளவு என்றால் இன்ச்தான். டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தை அவர் திருப்பிப் பார்த்து நான் கண்டதே இல்லை. டாக்டர் சொன்ன இரண்டும் அவர் மனதில் இரண்டு இன்ச்தான்.

ஒன்றே முக்கால் இன்ச் என்பது ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர். அதே தொழிலில் குப்பை கொட்டிய எனக்கு இது தெரியாதா?

பயமாக இருக்கிறது. நிஜமாகவே பயமாக இருக்கிறது. அவரைக் கூப்பிட்டு நிறுத்த நினைத்தேன், கூப்பிடவில்லை. நேற்றுக் கண்ணில் ஒரு முடி விழுந்தது. அதை எடுக்க விரல் இல்லாமல், அவர் கடையிலிருந்து வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். புண் மூடும்வரை இப்படியே கிட என்றால், அது என்றைக்கு மூடும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

தலையணை உறைக்குள் அந்தக் காகித அளவுகோல் கன்னத்தில் குத்துகிறது. அதில் சென்டிமீட்டர் மட்டும்தான் போட்டிருக்கிறது. மூன்று நாள் முன்பு அவர் குளிக்கப் போன நேரத்தில் புறங்கையால் தள்ளித் தள்ளி உள்ளே கொண்டுபோனேன்.

அன்றிலிருந்து கிழிக்கப் பார்க்கிறேன். பல்லால்கூடக் கடித்தேன். நனையாத வழவழத் தாள், வழுக்கிக்கொண்டு போகிறது.

மருந்து வரட்டும். விரல் நிமிர்ந்ததும் முதல் வேலை அதுதான்.