உப்புப் பார்க்க வந்தவள்

"தலை முங்கின பொறகு பட்டனை அமுக்குங்க அக்கா. இல்லீன்னா கஞ்சி பூரா செவுத்துக்குத்தான் போகும்!"

பக்கத்து வீட்டு சுஷ்மா சிரித்தாள். நூர்ஜஹான் ஹேண்ட் பிளெண்டரைப் பாத்திரத்துக்குள் நன்றாக இறக்கி அமுக்கினாள். குழைய வெந்த நொய்யும் பாசிப்பருப்பும் கேரட்டும் முருங்கைக்கீரையும் இளம்பச்சையாகச் சுழலத் தொடங்கின. நோன்பில் லேசாகிப்போன அவள் தலைக்குள்ளும் அந்த ரீங்காரம் சுழன்றது. பனைமரங்களைத் தாண்டி வந்த காற்றில் ஆவி கலைந்து கலைந்து கூடியது. அந்திவெயிலில் கோவிந்தாபுரமே மிதப்பதுபோல் இருந்தது.

"எத்தனை சுளுவு பாத்தியா? மிக்சின்னா ஆறவெச்சு, ஊத்தி, கழுவி... அந்தப் பாடே இல்ல."

"எப்படியோ, ஜெஸ்னா குடிச்சாப் போதுங்க அக்கா."

நூர்ஜஹானின் கவலையும் அதுதான். மகளுக்கு டைபாய்டு இறங்கிவிட்டது. பசி மட்டும் திரும்பவில்லை. எதைக் கொடுத்தாலும் ஒரு வாயோடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இன்றும் சாப்பிடாவிட்டால் நாளை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மத்தியானம் அவளாகவே, "நோம்புக் கஞ்சின்னா குடிக்கிறேன், திப்பி இல்லாம குடு" என்றிருந்தாள். முதல் வாய் பிசகினால் அவ்வளவுதான்.

"இந்தா, உப்புப் பாரு."

நோன்பு பிடித்த வாயால் ருசி பார்க்க நூர்ஜஹானுக்கு மனம் வராது. சுஷ்மா கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, நோன்பு மாதம் முழுக்க அந்த வீட்டுக்கு உப்புப் பார்ப்பது அவள் நாக்குதான். அவள் சரி என்றால் சரி, அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சுஷ்மா கரண்டியை வாங்கி, ஊதியபடியே ஜன்னல் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"என்னடி, கனாக் காணுறியா?"

"கச்சிதமா இருக்குங்க அக்கா."

நூர்ஜஹானுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, கிண்ணத்தோடு மகளின் கட்டிலுக்கு ஓடினாள். ஜெஸ்னா ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். முகம் சுளித்தாள்.

"அம்மா, உப்பே இல்ல!"

நூர்ஜஹானுக்கு உயிரே போய்விட்டது. ரீங்காரத்தில் சொக்கிப்போய் உப்புப் போடவே மறந்திருக்கிறாள்!

"மூஞ்சிய ஏன் அப்படி வெச்சுக்கிறே? உப்புப் போட்டுக் கொண்டா. நல்லாத்தான் இருக்கு. நெறைய ஊத்து."

படுக்கையில் விழுந்த பிறகு மகள் இன்னும் வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல்முறை. தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கோபம் கோபம்தானே? விடுவிடுவென்று அடுப்படிக்கு வந்தாள்.

"ஏண்டி சுஷ்மா, உன் நாக்குக்கு என்ன வந்துச்சு? உப்பில்லாத கஞ்சியைக் கச்சிதம்னு சொல்லிட்டியே!"

சுஷ்மா கண்ணை மூடிக்கொண்டு செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா," என்றாள் வாயைத் துடைத்தபடி. "ஜெஸ்னா சாப்பிடோணும்னு இன்னிக்கு நானும் நோம்புங்க."